ஹீப்ரு மொழியில் குழந்தைகளுக்கான கல்வித் தொலைக்காட்சி எப்படித் தொடங்கியது? அதை ஏன் மூடினார்கள்?

தமிழில் வந்து இதைக் கேட்கிறீர்கள் என்றால், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேல் போக விசாவுக்குக் காத்திருப்பவராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படிப் போனவள்தான். ஊர் நாகர்கோவில் பக்கம். இஸ்ரேல் என்றாலே சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அரசியல் எழுதவில்லை, ஒரு டிவி பற்றி எழுதுகிறேன். போன தடவை "ஆயா வேலை பார்த்தவருக்கு வரலாறு எதற்கு" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டார். அவர் இதைப் படிக்க வேண்டாம்.

முதலில் கேட்டதற்குப் பதில். அந்த நாட்டில் மற்ற டிவி எதுவும் வருவதற்கு முன்னாலேயே இந்தக் கல்வி டிவி வந்துவிட்டது. டிவி வந்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று அந்த நாட்டின் முதல் பிரதமர் பென் குரியன் பிடிவாதமாக இருந்தார். பாடம் நடத்தத்தான் என்று சொல்லி, ரோத்சைல்டு என்ற பெரிய பணக்காரக் குடும்பத்து அறக்கட்டளை பணம் போட்டு, 1966 மார்ச் 24 அன்று ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். 32 பள்ளிக்கூடங்களில் மட்டும் பெட்டி. கணக்கு, உயிரியல், ஆங்கிலம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற பொது டிவி 1968இல்தான் வந்தது. ஆக, ஹீப்ருவில் அந்த நாட்டு டிவி பேசிய முதல் பேச்சே வகுப்பறைப் பாடம்.

இதை எனக்குச் சொன்னது நான் பார்த்துக்கொண்ட பாட்டி. சவ்தா என்றுதான் கூப்பிடுவேன், அங்கே பாட்டிக்கு அதுதான் சொல். ராமத் கானில் வீடு. ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த 32 பள்ளிகளில் அவருடைய பள்ளி இல்லை. நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்தக் கோபம் போகவில்லை. "பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள், எங்களுக்குக் கொடுக்கவில்லை" என்று மாத்திரை விழுங்குகிற நேரத்திலும் சொல்வார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போவதற்கு முன் மூன்று நாள் மொழிப் பயிற்சி என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். ஷாலோம் (வணக்கம்), தோடா (நன்றி), மாயிம் (தண்ணீர்), இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆமென் எனக்கு ஏற்கெனவே தெரியும், கோயிலில் (சர்ச்சில்) சொல்வதுதானே. அதையும் ஒரு பாடமாகக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். என்னை அனுப்பிவைத்த ஏஜென்டுக்காக என் அம்மாவின் வளையல் நான்கும், அண்ணன் பெயரில் வாங்கிய கடனும் போனது. ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா" என்றான். வட்டியே இரண்டு வருஷம் கட்டினேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அங்கே போய் நானாகவே எழுத்துக் கற்றுக்கொண்டேன். வலமிருந்து இடம் போவது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. உயிரொலிதான் கஷ்டம். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தில் எழுத்துக்குக் கீழே புள்ளி, கோடு போட்டு உயிரொலியைக் காட்டுவார்கள். பெரியவர்கள் எழுதும்போது அதையெல்லாம் விட்டுவிடுவார்கள். புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடியைப் போல, இடம் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

ஒருநாள் சவ்தாவின் மகன் ஃபிரிட்ஜ் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். நாலு மணி என்று போட்டு, பக்கத்தில் மூன்றே எழுத்து: ஸ, ஃப, ர. எனக்குத் தெரிந்தது ஸேஃபெர், அதாவது புத்தகம். நூலகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, சவ்தாவுக்கு நல்ல சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் நூலகப் புத்தகம் இரண்டையும் வைத்துக் காத்திருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் கத்தரிக்கோல் பெட்டியோடு முடிவெட்டுகிறவர்! அதே மூன்று எழுத்தை ஸபர் என்று படித்தால் முடிவெட்டுகிறவர். ஸஃபர் என்று படித்தால் எண்ணினான். சவ்தா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

அன்று ராத்திரி, "வா மோத்தெக்" என்று (செல்லமாகக் கூப்பிடுவது) பக்கத்தில் உட்காரவைத்து, யூடியூபில் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போடச் சொன்னார். 'ப்லி ஸோதோத்', ரகசியமில்லாமல் என்று அர்த்தம். 1980களில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க அந்தக் கல்வி டிவி எடுத்தது. கஷாஷ் பலாஷ் என்று ஒரு துப்பறிவாளன் அதில் வருவான். ஒரே எழுத்து ஓரிடத்தில் ப, இன்னோரிடத்தில் ஃப என்று ஒலிப்பது அதில்தான் எனக்குப் பிடிபட்டது. பம்பரம் என்று எழுதிவிட்டு இரண்டு ப-வையும் வேறு வேறாகச் சொல்கிற நமக்கு இது பெரிய விஷயமா? பேரன் வந்து பார்த்துவிட்டு, "பாலர் பள்ளியா?" என்று கேலி செய்தான். இருக்கட்டும். நாலு மாதத்தில் மருந்துச் சீட்டு படித்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கிஷ்கஷ்தா என்ற பொம்மை ஒரு சப்பாத்திக்கள்ளி. அந்த மண்ணில் பிறந்தவர்களைச் சப்பாத்திக்கள்ளி என்றே, ஸப்ரா என்றே, சொல்வார்கள். அதனால் சவ்தாவுக்கு அது மேல் தனிப் பாசம். 'பர்பார் நெஹ்மாத்' (நல்ல வண்ணத்துப்பூச்சி) 1982இல் வந்தது. அதில் வாத்து உஸா, ஆமை பாட்ஸ். 1983இல் 'ரெஹோவ் சும்சும்', நம் மொழியில் சொன்னால் எள்ளுத் தெரு. அமெரிக்க நிகழ்ச்சியின் ஹீப்ரு வடிவம், ஆனால் நடுவில் நிற்பது கிப்பி என்ற முள்ளெலி. பெரியவர்களுக்கும் எடுத்தார்கள். 1991 வளைகுடாப் போரில் ஏவுகணை விழும்போது, ஜன்னலை ஒட்டி அடைத்த அறைக்குள் உட்கார்ந்து ஊரே பார்த்துச் சிரித்த 'ஸெஹு ஸே' இவர்களுடையதுதான். அந்தப் பெயருக்கு அவ்வளவுதான் என்று அர்த்தம். பகல் முழுக்க அலைவரிசை இவர்கள் கையில் இருந்ததால் செய்தி நிகழ்ச்சிகூட நடத்தினார்கள்.

ஏன் மூடினார்கள் என்றால், 2014இல் பொது ஒளிபரப்பையே மாற்றியமைக்கச் சட்டம் போட்டார்கள். 'கான்' என்ற புது நிறுவனம் வந்தது. 2018 ஆகஸ்டில் பழைய கல்வி டிவி நின்றது. பிள்ளைகள் நிகழ்ச்சி 'கான் ஹினுஹித்' என்ற பெயரில் தொடர்கிறது, ஆகவே முழுக்க மூடினார்கள் என்று சொல்ல முடியாது. பேர் மாறினால் என்ன என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சவ்தா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். இருந்திருந்தால், "எங்கள் பள்ளிக்குப் பெட்டி தராமலேயே மூடிவிட்டார்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்.

நீங்கள் போவதாக இருந்தால் 'ப்லி ஸோதோத்' முதல் பாகத்திலிருந்து பாருங்கள், காசு கிடையாது. ஏஜென்ட் யார் என்று யாரும் கேட்க வேண்டாம், இங்கே பெயர் எழுத மாட்டேன். ரசீது மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.