நண்பரின் துப்பாக்கிக்குக் கட்டை செய்து தரலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். மரவேலை என் பொழுதுபோக்கு. என்னுடைய 0.177 ஏர் ரைபிளுக்குத் தேக்கில் புதுக் கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) செய்தேன். அதைப் பார்த்த குடகு நண்பர், தன் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கும் ஒன்று கேட்டார். பழைய கட்டை விரிசல் விட்டுவிட்டது. அளவெடுக்கட்டும் என்று துப்பாக்கியையே ஒரு கடிதத்தோடு என் பட்டறையில் விட்டுப் போயிருக்கிறார். அவர் கொடவர் (குடகின் பூர்வீகச் சமூகத்தவர்), லைசென்ஸ் தேவையில்லை என்கிறார். நான் காசு வாங்கவில்லை. சிக்கல் வருமா?

பதில்: வரும். கட்டையைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் அந்தத் துப்பாக்கி உங்கள் பட்டறையை விட்டுப் போகட்டும்.

கொடவர்களுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். 2019-இல் மத்திய அரசு அதை மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது. ஆனால் அது ஆளுக்குக் கிடைத்த விலக்கு, துப்பாக்கியோடு சேர்ந்து கைமாறாது. உங்கள் கையில் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25(1பி)(ஏ) பிரிவில் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

கடிதம் காப்பாற்றுமா? லைசென்ஸ்தாரர் எழுதிக் கொடுத்தால் இன்னொருவர் பழுதுபார்க்க எடுத்துச் செல்லலாம் என்று 3-வது பிரிவு சொல்கிறது. எடுத்துச் செல்லத்தான் அந்தச் சலுகை, பட்டறையில் வைத்துக்கொள்ள அல்ல. உங்கள் நண்பரோ லைசென்ஸே இல்லாதவர், விலக்கில் இருப்பவர். அந்தக் காகிதத்தை நம்பி நான் வாதாட மாட்டேன்.

இனி கட்டை. சட்டத்தின் 2-வது பிரிவில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகங்களும் அடக்கம். வெறும் மரம்தானே என்று பலர் வாதிடுவது 45(டி)யை வைத்து: சிறு பாகங்களை வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வதற்குச் சட்டம் பொருந்தாது. எது சிறு பாகம் என்று சட்டம் விளக்கவில்லை. குழல் போலவோ பூட்டு (சுடும் விசைப் பகுதி) போலவோ இல்லாத கட்டையை அதில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. உங்களிடமோ 'வேறு எவரிடமோ' இருக்கும் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இருக்கக் கூடாது. சுவரில் மாட்ட ஒரு கட்டை செதுக்கினால் தப்பிக்கலாம். நண்பரின் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துச் செதுக்கினால் அந்த வாசல் மூடிவிடும். 45(டி) சொல்லும் மூன்று வினைகளில் 'செய்வது' இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கட்டையைத் துப்பாக்கியில் பொருத்திவிட்டால் அது பழுதுபார்ப்பு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதையும் மாற்றுவதையும் பழுதுபார்ப்பதையும் 5-வது பிரிவு ஒரே வரியில் தடுக்கிறது. காசு வாங்கினீர்களா, சும்மா செய்தீர்களா என்று அது பார்ப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள்வரை. ஒரு மரத்துண்டுக்கு இது அதிகம்தான். ஆனாலும் நாட்டுத்துப்பாக்கி வழக்குகளைப் பார்த்துப் பழகிய காவலர் கண்ணுக்கு, செதுக்கிய கட்டையும் பக்கத்தில் இரட்டைக்குழலும் வேறு மாதிரித்தான் தெரியும்.

நண்பரை இன்றே நேரில் வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். நீங்கள் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கட்டை மாற்றும் வேலையை, பழுதுபார்க்க லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் அவரே ஒப்படைக்கட்டும். நன்கு காய்ந்த, குடையாத மரத்தை நீங்கள் தேர்ந்து கொடுக்கலாம். இரும்பு உட்காரும் பள்ளத்தைக் கடைக்காரர் குடையட்டும். நண்பரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், பின்னால் உங்கள் நோக்கத்தைக் காட்ட அவையே உதவும்.

உங்கள் ஏர் ரைபிளில் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டதாக இருந்தால் அதற்குச் செய்த தேக்குக் கட்டையில் பயமில்லை. மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்கை மாற்றி வேகம் கூட்டப் போகாதீர்கள்.