டாங்கில் ரிவெட் கசிகிறதா? பைக் லைனிங் வேண்டாம்

கேள்வி: கடலூரில் வீட்டுக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவது) கட்டி வருகிறேன். இறக்கை டாங்கில் இரண்டு ரிவெட் கசிகிறது. பைக் டாங்குக்குள் ஊற்றும் லைனிங் போதும் என்கிறார் மெக்கானிக். சிலிக்கோன் தடவச் சொல்கிறார் ஹார்டுவேர் கடைக்காரர். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். சாதாரண சிலிக்கோன் பெட்ரோலில் ஊறி உப்பும். பிறகு துண்டு துண்டாகக் கழன்று வடிகட்டியில் போய் உட்காரும். ஊற்றிக் குலுக்கும் லைனிங்கோ படலமாக உரியும். அமெரிக்காவின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் கிட் டாங்குகளிலேயே இது உரிந்து வந்ததால், உள்ளே சோதித்துப் பார்க்கச் சொல்லி அந்த நிறுவனம் சர்வீஸ் புல்லட்டின் (விமான உரிமையாளர்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) வெளியிட்டது.

உங்களுக்கு வேண்டியது பாலிசல்பைடு. இரண்டு பாகமாக வரும் பசை. டப்பாவில் ஏ.எம்.எஸ்.-எஸ்-8802 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பி-2 என்பது மூலைக்கும் ரிவெட்டுக்கும் தடவும் கெட்டி ரகம். கலந்தபின் 2 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் அது 25 டிகிரிக்குப் போட்ட கணக்கு. ஐந்தாறு டிகிரி ஏறினால் நேரம் பாதியாகும், ஈரக்காற்று இன்னும் குறைக்கும். கடலூர் மே மாதப் பகலில் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. விடிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வேலை செய்யுங்கள். எடைக்கு எடை 10:1 என்று போட்டிருந்தால் தராசில்தான் நிறுக்க வேண்டும், கண்ணளவு உதவாது.

என் பெரிய கவலை பசையைவிட அதை விற்பவர்கள் மேல்தான். பெரிய டப்பாவை உடைத்துச் சின்ன டப்பாக்களில் அடைத்து, 'ஏரோஸ்பேஸ் கிரேடு' என்று ஸ்டிக்கர் ஒட்டித் தரும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். இந்தப் பசையின் ஆயுள், 27 டிகிரிக்குள் வைத்திருந்தாலும், சில மாதம்தான். முறையாக இறக்குமதி செய்தாலும் சுங்கக் காகிதங்களுக்காகக் கிடங்கில் வெந்துகொண்டு கிடக்கும். இதைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று அங்கே யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? பேட்ச் எண், தயாரித்த தேதி, சான்றிதழ் மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவெண் கிடைக்க 2017 ஆனது. நீங்களும் எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். பசைக்கு மட்டும் என்ன அவசரம்?

ஒரு விதிவிலக்கு. இதுவரை சொன்னது அலுமினிய டாங்குக்கு. நாளைக்கு ஃபைபர் டாங்குக்கு மாறினால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே ஒட்டும் பசையைவிட டாங்கைச் செய்த ரெசின்தான் (ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) முக்கியம். ஃபைபர் படகு செய்யும் பட்டறையில் கொடுத்தால் பாலியெஸ்டர் ரெசினில் கச்சிதமாகச் செய்து தருவார்கள். படகின் உடலுக்கு அது போதும். ஆனால் இப்போது பங்க்கில் கிடைப்பது இ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால். அது அந்த ரெசினை இளக்கி, பிசினாக எஞ்சினுக்குள் கொண்டுபோகும். உங்கள் எஞ்சின் ரோடாக்ஸ் 912 என்றால் அதற்கே இ-10 தான் வரம்பு. எனவே எந்த ரெசின், எவ்வளவு எத்தனால் தாங்கும் என்று கிட் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பட்டறைக்காரர் வாய்ச்சொல் போதாது.

உங்கள் கசிவுக்கு வருவோம். வெளியே பூசுவது வீண். பெட்ரோல் உள்ளிருந்து தள்ளும். டாங்கைக் காலி செய்து, ஆவி போக நன்றாகக் காற்றாட விட்டு, மூடியைத் திறந்து உள்ளிருந்து பூசுங்கள். அதற்குமுன் அந்த இடத்தை உரசி, எம்.இ.கே. என்ற எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் கரைப்பான் போட்டுத் துடைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. முழுதாக இறுகியபின் எல்லாத் துளைகளையும் அடைத்து, ஒன்றில் மட்டும் பலூனைக் கட்டி, அது லேசாக உப்பும் அளவுக்குக் காற்று விட்டு, ரிவெட் மேல் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பங்க்சர் கடைக் கம்ப்ரஸரை மட்டும் மாட்டிவிடாதீர்கள், டாங்க் பிளந்துவிடும்.