இலத்தீன் பூசையும் ஒரு சவ வண்டியும்

கேள்வி: கத்தோலிக்கர்களின் பழைய இலத்தீன் பூசையை விரும்புகிறவர்களில் நாஜி அனுதாபிகள் உண்டு என்கிறார்களே, நிஜமா?

பதில்: பூசைமேல் பழி போடாதீர்கள். அதில் பாடும் கிரகோரியன் கீதம் கேட்டால் எனக்குக் கை வேலை ஓடாது. சிக்கல் ஓரத்தில் நிற்கும் சிலரால்தான்.

1944 மார்ச்சில் ரோமின் ஆர்டியாட்டின் குகைகளில் 335 பேரை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அதில் பங்கேற்ற எஸ்.எஸ். (நாஜி ஆயுதப்படை) அதிகாரி எரிக் பிரீப்கே 2013இல், 100 வயதில் இறந்தார். ரோம் மறைமாவட்டம் அடக்கப் பூசைக்கு மறுத்தது. பக்கத்து அல்பானோவில் கதவைத் திறந்தது, பழைய இலத்தீன் பூசையை விடாமல் பிடித்திருக்கும் புனித பத்தாம் பயஸ் சபை; பேராயர் லெபவ்ர் 1970இல் தொடங்கியது. ஊர்க்காரர்கள் சவ வண்டியை எட்டி உதைத்தார்கள். பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குப் பூசை உரிமை என்றது சபை. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் 1989இல் பிரெஞ்சுப் போர்க்குற்றவாளி பால் துவியே பிடிபட்டதும் இதே சபையின் நீஸ் இல்லத்தில்தான்! இத்தனைக்கும் லெபவ்ரின் அப்பா நாஜிச் சிறையில் செத்தவர்.

அப்புறம் இதே சபையின் ஆயர் வில்லியம்சன். 2009இல் திருத்தந்தை பெனடிக்ட் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்த தண்டனையை நீக்கிய அதே வாரம், நாஜி முகாம்களில் விஷவாயு அறைகளே இருந்ததில்லை என்று அவர் சொன்ன பேட்டி சுவீடன் தொலைக்காட்சியில் வந்தது. பத்தாம் பயஸ் சபை அவரை வெளியேற்ற 2012 ஆனது. இணையத்தில் தேடியிருந்தால் அவர் கருத்து முன்பே தெரிந்திருக்கும் என்று தம்மிடம் பிறர் சொன்னதாக பெனடிக்டே ஆயர்களுக்கு எழுதினார்.