பழைய வரைபடத்தை வைத்து மெட்டல் டிடெக்டர் போட இடம் தேடுவது எப்படி? மட்டக்களப்புப் பக்கம் இது சரிவருமா?

இது இரண்டு கேள்வி. இடம் தேடுவது எங்கேயும் சரிவரும். டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்த் தோண்டுவது இங்கே சரிவராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் தேடுகிற கதை.

நான் இதைப் பழகியது இங்கிலாந்தில். படிக்கப் போன காலத்தில் அக்கா வீட்டில் இருந்தேன், சனி ஞாயிறு வந்தால் அத்தானுக்கு இதுதான் வேலை. நான் நினைத்தேன், மெஷினைக் கையில் எடுத்து வயலில் இறங்கிவிடுவார் என்று. இல்லை, இரண்டு மூன்று இரவு கணினிக்கு முன்னால் குந்தியிருப்பார். ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவைப் படங்கள் இலவசமாகக் கிடக்கின்றன, இன்றைய செய்மதிப் படத்துக்கு மேல் அதைப் போட்டு ஒரு பட்டியை இழுத்தால் பழையது மங்கி புதியது தெரியும். அவர் பார்ப்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: பழைய படத்தில் இருந்து புதியதில் இல்லாமல் போனது எது? ஒரு ஒற்றையடிப் பாதை, ஒரு சின்னத் தேவாலயம், சந்தை கூடிய புல்வெளி, வேலியைத் தாண்ட வைத்த படி.

காரணம் சிம்பிள். நடந்துகொண்டு போகிறவன் காசைத் தொலைப்பது குறைவு, மடியை அவிழ்க்கிற இடத்தில்தான் விழும். வேலிப்படியில் ஏறிக் குதிக்கிற இடம், துறையில் கூலி கொடுக்கிற இடம், மரநிழலில் சுமையை இறக்கிக் குந்துகிற இடம். நாங்கள் ஒரு முறை இன்று வெறும் உழவு நிலமாய்க் கிடக்கிற வயலில், படத்தில் பாதை நீரோடையைத் தாண்டுகிற புள்ளியைப் பிடித்து அதைச் சுற்றி மட்டும் பார்த்தோம். பச்சை பிடித்த விக்ரோறியா மகாராணி காலத்துப் பென்னிக் காசு இரண்டு, ஒரு குதிரைச் சேணக் கொளுக்கி, பொத்தான் ஒரு கை நிறைய. ஐம்பது யார் தள்ளிப் போனால் ஒன்றுமே இல்லை.

அங்கே அதற்கு ஒழுங்கு இருக்கிறது. காணிக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி, கிண்டின குழியை மூடுவது, பொன் வெள்ளி போல ஏதும் வந்தால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் அறிவிப்பது. 1992இல் ஹொக்ஸ்ன் என்ற ஊரில் ஒருவர் வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடப் போய் றோமர் காலத்துப் பொன் வெள்ளிக் காசு ஆயிரக்கணக்கில் கண்டார், கண்டவுடன் தோண்டுவதை நிறுத்திவிட்டு அறிவித்தார். அதனால்தான் தொல்லியல்காரர் வந்து புதைத்த பெட்டிக்குள் அவை அடுக்கியிருந்த விதம் குலையாமல் எடுக்க முடிந்தது.

இனி எங்கள் ஊர். ஊருக்கு வந்தபிறகு அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை, மெஷினை மட்டும் விட்டேன். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குலத் தாள்கள், அதாவது ஒரு மைலுக்கு ஒரு அங்குலம், இதற்கு நல்ல சாமான். தூர்ந்த குளம், வண்டிப்பாதை, வாடிவீடு, ஓடத்துறை எல்லாம் அதில் குறித்திருக்கும். ஒல்லாந்தர் வரைந்த படங்களையும் நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. அதில் கரையும் கோட்டையும் பரவாயில்லை, உள்நாட்டுப் பக்கத்தை நம்பி நடந்தால் காட்டுக்குள்தான் நிற்பீர்கள்.

பழைய தாளைப் புதிய படத்தோடு பொருத்தும்போது எல்லாரும் விடுகிற பிழை ஒன்று: முகத்துவாரத்தைப் புள்ளியாக வைப்பது. முகத்துவாரம் மாரிக்கு மாரி மண்ணைத் தள்ளிக்கொண்டு இடம் மாறும், அதை வைத்துப் பொருத்தினால் படம் முழுக்கக் கோணல். கோயில், பழைய தேவாலயம், குளக்கட்டின் வளைவு இப்படி அசையாததைப் பிடியுங்கள். இன்னொன்று, பழைய தாள்கள் கண்டவல என்ற அளவை அடிப்படையில் உள்ளவை, போனில் இருக்கிற ஜிபிஎஸ் வேறு அடிப்படையில் ஓடுகிறது. திருத்தாமல் போட்டால் இருநூறு மீற்றர் அளவுக்குத் தள்ளி நிற்கும், நான் முதல் முறை ஒரு வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், சும்மா அலைந்தது அதனால்தான். அம்பாறைக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்கு முந்திய தாளையும் பிந்தியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு வேறு நாடு. பழைய பாதையில் ஒரு பகுதி சேனநாயக்க சமுத்திரத்துக்கு அடியில் கிடக்கிறது.

வாவிக்கரைத் துறைகள்தான் எனக்குப் பிடித்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் இருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்கு அந்த வழியால் போவதென்றால் பாதையில்தான் போக வேண்டும் (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் இங்கே றோட்டு மட்டுமில்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையும் பாதைதான்). ஆனால் தாளில் இன்று யாருக்கும் பெயர் தெரியாத துறைகளும் இருக்கின்றன. போன ஆவணியில் தண்ணீர் வற்றியிருந்த நேரம் அப்படி ஒன்றைத் தேடிப் படுவான்கரைப் பக்கம் போனேன். கரையில் இரண்டு கிழட்டுப் புளியமரம், அதில் இருந்து வயலுக்குள் போகிற ஒரு மேடு, கண்ணுக்குச் சாதாரண வரம்பு, ஆனால் வரம்பைவிட மூன்று மடங்கு அகலம். வண்டிப்பாதை. மேட்டின் ஓரத்தில் உடைந்த ஓடும் பானைத் துண்டும் கிடந்தன, தொடவில்லை.

வட்டையில் மாடு பார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் வந்தார். பொலிஸ் என்று நினைத்தாரோ தெரியாது, முதலில் கதைக்கவில்லை. தாளைக் காட்டினதும், "இதால தான் மனே கரத்தை போனது, எங்கட அப்பாட காலத்தில" என்றார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்து, வெற்றிலைத் தட்டத்துக்குள் இருந்து ஒரு செப்புக் காசை எடுத்துக் கையில் வைத்தார். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே ஒரு துளை. சின்ன வயதில் அரைஞாணில் கோர்த்துக் கட்டினதாம். ஒரு பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் வீ, ஓ, சீ எழுத்துப் பின்னல், கீழே 17 மட்டும் தெரிந்தது, மற்ற இரண்டு இலக்கமும் தேய்ந்துவிட்டன.

அந்தக் காசை மெஷின் வைத்து மண்ணுக்குள் இருந்து நான் எடுத்திருந்தால் அது குற்றம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைத் தேடித் தோண்ட முடியாது, சொந்தக் காணி என்றாலும் அதே கதைதான். புதையல் தோண்டப் போய் ஸ்கேனரோடு பிடிபட்டவர்களின் செய்தியைப் பேப்பரில் பார்க்காத ஆள் இங்கே இல்லை. சட்டத்தை விடுங்கள், படுவான்கரையில் 2007 வரை சண்டை நடந்தது. 2017இல் மட்டக்களப்பைக் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் என்று அறிவித்தார்கள், உண்மை, ஆனால் வெடிக்காத ஷெல் எங்காவது மிச்சம் கிடக்கலாம். மெஷின் சத்தம் போட்டால், மண்ணுக்குள் இருப்பது காசா வேறு ஏதுமா என்று அது நிச்சயமாகச் சொல்லாது.

ஆகவே தாளை எடுங்கள், ஆடி ஆவணியில் போங்கள், மாரி தொடங்கினால் அந்த மேடுகள் எல்லாம் தண்ணீருக்குள். அந்த வயல்வெளியைப் பார்க்கிற வட்டைவிதானையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் புதையல்காரன் என்று துரத்துவார்கள். என்னையும் துரத்தினார்கள்.