டெக்ஸா நார்மல் என்றால் எலும்பும் நார்மலா?

கேள்வி: வயது 57, மாதவிடாய் நின்று ஆறு வருடம். இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்கிறார்கள். டெக்ஸா ஸ்கேன் நார்மல். எலும்பைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம்தானே?

பதில்: பாதி நிம்மதிதான் அம்மா. டெக்ஸா காட்டுவது எலும்பிலுள்ள தாதுவின் அடர்த்தியை. உறுதி என்பது அதோடு முடிவதில்லை. உடல் எடை கூடியவர்களுக்கு அந்தப் பாரத்தைச் சுமந்து சுமந்தே எலும்பு அடர்த்தியாகும். டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டு டெக்ஸா தரும் மதிப்பெண், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு அதே ஸ்கோரில் மற்றவர்களைவிட எலும்பு முறிவு அதிகம்.

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடுகிறது. எலும்பைக் கட்டும் செல்களுக்கு இன்சுலின் ஒரு தூண்டுகோல். எதிர்ப்பு வந்தால், அதாவது இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காவிட்டால், அவையும் மந்தமாகலாம். சர்க்கரை ஏறிப்போய் வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் எலும்புக்கு வளைந்துகொடுக்கும் தன்மை தரும் கொலாஜன் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய ரப்பர் பேண்ட் பார்த்திருப்பீர்கள்: தடிமன் குறையாது, இழுத்தால் பட்டென்று அறும். உங்களுக்குச் சர்க்கரை இன்னும் ஏறவில்லை என்றால், இதைத் தடுக்க நேரம் இருக்கிறது.

கேள்வி: எனக்கு டைப் 2 சர்க்கரை. எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணக்கில் அபாயம் குறைவாக வந்தது. நம்பலாமா?

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். பழகிய ஃப்ராக்ஸ் படிவத்தில் டைப் 2-க்குத் தனிக் கட்டமே இல்லை. அதனால் விடுபட்ட அபாயத்தை ஈடுகட்ட, பல மருத்துவர்கள் முடக்குவாதக் (ருமட்டாய்டு மூட்டு நோய்) கட்டத்தில் 'ஆம்' போட்டுப் பார்ப்பார்கள், அல்லது டி-ஸ்கோரில் 0.5 குறைத்துக்கொள்வார்கள். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு பியோகிளிட்டசோனும் எடுக்கிறேன். எலும்புக்குக் கெடுதலா?

பதில்: மெட்ஃபார்மினால் எலும்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், கால் மரத்துத் தடுமாற வைக்கும். அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். பியோகிளிட்டசோன் பெண்களுக்கு எலும்பு முறிவைக் கூட்டுகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: தினமும் நடக்கிறேன், எடையும் வேகமாகக் குறைகிறது. சரிதானே?

பதில்: நடப்பது நல்லது, வேகம்தான் இடிக்கிறது. பட்டினி கிடந்து எடை இறங்கினால் தசையும் எலும்பும் சேர்ந்தே கரையும். அப்புறம், வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்குங்கள். சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சுவது தசைதான். அது எலும்பை இழுக்கும்போது எலும்புக்கும் வேலை கிடைக்கிறது. இரண்டையும் ஒரே அடியில் பிடிக்கும் மாத்திரையை நான் பார்த்ததில்லை!

கேள்வி: கால்சியம் மாத்திரை எத்தனை?

பதில்: சாப்பாட்டையும் சேர்த்து நாளுக்கு 1,200 மி.கி. போதும். சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள், குறைவதற்கு மட்டும் மாத்திரை.