ரீசெல்லர் ஹோஸ்டிங் தொழிலுக்கு மலிவான எஸ்எஸ்எல் சான்றிதழ் எது?

ரீசெல்லர் ஹோஸ்டிங் (சர்வர் இடத்தை மொத்தமாக வாங்கி மறுவிற்பனை செய்வது) தொடங்கியிருக்கிறேன், வாடிக்கையாளர்களின் தளங்களுக்கு மலிவாக எந்த எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்கம் செய்ய உதவுவது) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான தளங்களுக்கு எதையும் வாங்க வேண்டாம்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. மறையாக்கத்தின் வலிமையில் அதற்கும் காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கும் வேறுபாடு இல்லை. சிபேனல் என்ற நிர்வாக மென்பொருள் உள்ள சர்வரில் ஆட்டோஎஸ்எஸ்எல் வசதி இருந்தால், அதுவே சான்றிதழைப் பெற்று, காலாவதியாகும் முன் புதுப்பித்தும் விடும். ஹோஸ்டிங் திட்டம் வாங்கும்போதே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதுப்பித்தல் தோற்றால் முதலில் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயர் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்ற பதிவுகளைப் பாருங்கள். தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றுபவர்கள் ஏ ரெக்கார்டை (ஐபிவி4 முகவரி) மாற்றிவிட்டு, பழைய முகவரியைக் காட்டும் ஏஏஏஏ ரெக்கார்டை (ஐபிவி6 முகவரி) அப்படியே விட்டுவிடுவது உண்டு. தளம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்ற சரிபார்ப்பு பழைய சர்வருக்குப் போய்த் தோற்றுவிடும். சான்றிதழ் வழங்க வேறு நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி தரும் சிஏஏ ரெக்கார்டும் இப்படித்தான் வழிமறிக்கும்.

சான்றிதழில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரின் ஒப்பந்தமோ தணிக்கையோ கேட்டால் மட்டும், நிறுவனத்தைச் சரிபார்த்து வழங்கும் ஓவி சான்றிதழ் வாங்குங்கள். முகவரிப் பட்டையில் பெயர் தெரியும் என்று நம்பி இன்னும் கடுமையாகச் சரிபார்த்து வழங்கும், விலை கூடிய ஈவி சான்றிதழுக்குப் போகாதீர்கள். குரோம் உலாவி அப்படிப் பெயர் காட்டுவதை 2019இலேயே எடுத்துவிட்டது. ஒரு தளத்தின் துணைப்பெயர்களுக்கெல்லாம் சேர்த்துப் பயன்படும் வைல்டுகார்டு சான்றிதழும் இலவசமாகக் கிடைக்கும், டிஎன்எஸ் வழியாகச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாண்டுச் சான்றிதழ் என்ற விளம்பரத்தில் ஐந்தாண்டு என்பது நீங்கள் கட்டும் பணத்துக்குத்தான். 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படும் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 200 நாள். 2029 மார்ச்சில் அது 47 நாளாகக் குறையும். தானாகப் புதுப்பிக்க வழியில்லாத சான்றிதழை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.