மனிதரா, ஓவியமா?

அன்புள்ள ஐயா,

மிலான் நகரத்துப் பிரேரா அருங்காட்சியகம் பற்றி எழுதியபோது, போரில் அதன் ஓவியங்களைக் காப்பாற்றிய இயக்குநர் ஃபெர்னாந்தா விட்கென்ஸைக் குறிப்பிட்டிருந்தீர்கள். மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வசதியானவர்களின் கவலை இல்லையா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

அவரை இரண்டே வரியில் முடித்தது என் தப்பு. இந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்டாலும் சரி, அந்த அம்மாவிடம் கேட்க முடியாது. அவர் சிறைக்குப் போனது ஓவியத்துக்காக இல்லை. யூதர்களை எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவைத்தார் என்பதற்காக. 1944 ஜூலையில் கைது, நான்காண்டு தண்டனை. காட்டிக்கொடுத்தவன், அவர் தப்பவைக்க முயன்ற ஓர் இளைஞன்தான்.

1928-இல், அப்போது பிரேராவை நடத்திவந்த எத்தோரே மோதிலியானியின் கீழ் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பாசிச அரசுக்கு ஒத்துவராத மோதிலியானியை 1935-இல் அங்கிருந்து அகற்றினார்கள்; யூதர் என்பதால் பிறகு வேலையே போயிற்று. 1940-இல் விட்கென்ஸ் இயக்குநரானார். இத்தாலியில் பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஒரு பெண் தலைமையேற்றது அதுவே முதல்முறை. வாழ்த்து வாங்கிக்கொள்கிற நேரமா அது? இத்தாலி போரில் இறங்கிய வருஷம்.

படங்களை மூட்டை கட்டுவது சின்ன வேலை இல்லை. ரஃபேலின் ‘கன்னி மரியாளின் திருமணம்’ பிரேராவில்தான் இருக்கிறது. பெண் கிடைக்காத கோபத்தில் ஓர் இளைஞன் முழங்காலில் வைத்துக் குச்சியை முறிப்பானே, அந்தப் படம். துணியில் அல்ல, ஆளுயர மரப்பலகையில் வரைந்தது. ஈரப்பதம் மாறினாலே பலகை வளையும், வண்ணம் உரியும். இப்படி அறை அறையாகக் காலி செய்தார்கள். 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்தது. 34 அறைகளில் 26 போயின. முக்கியமான படங்கள் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தன.

அதே ஆகஸ்டில் டாவின்சியின் ‘கடைசி இரவுணவு’ இருந்த மடத்து உணவுக்கூடத்தின் மீதும் குண்டு. அது சுவரோவியம், எங்கே தூக்கிப்போவது? மணல் மூட்டைகளை அண்டக்கொடுத்திருந்தார்கள். கூரையும் பக்கச் சுவரும் விழுந்தன, படச்சுவர் மட்டும் வானம் பார்த்து நின்றது.

அப்புறம், மோதிலியானி. போர் முடிந்து 1946-இல் பழைய பதவிக்கே திரும்பினார். இருவரும் சேர்ந்து இடிபாடுகளிலிருந்து பிரேராவைத் தூக்கி நிறுத்தத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே அவர் இறந்துவிட்டார். 1950 ஜூனில் கதவு திறந்தபோது விட்கென்ஸ் மட்டும்தான் இருந்தார்.